பழைய கார்ல ஏ.சி கூலிங் குறையுதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டால், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். இன்ஜின் நன்றாக ஓடும். டயர் போன வருஷம்தான் மாற்றியிருப்போம். ஆனால் ஏ.சி-யை ஆன் செய்தால், வெதுவெதுவென்று காற்று வரும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ‘கேஸ் போட்டாச்சு சார்’ என்று ஒரு பில். ரெண்டு மாசம் கழித்து மறுபடியும் அதே கதை. இந்த முறை, ‘கம்ப்ரஸர் போயிடுச்சு சார். ஒரிஜினல் போடலாமா, டூப்ளிகேட் போதுமா, இல்ல ரீகண்டிஷன் பார்க்கலாமா?’ என்று ஒரு கேள்வி.

பத்து, பதினைந்து வயசான காருக்கு இந்தக் கேள்விக்கு பதில் சொல்வது கஷ்டம்தான். பல கார்களில் புது கம்ப்ரஸரின் விலை ஐந்திலக்கத் தொகை. அவ்வளவு செலவு செய்யவும் மனசு வராது, ஏ.சி இல்லாமல் ஓட்டவும் முடியாது. அதனால் பலரும் கிடைப்பதில் விலை குறைந்ததைப் போட்டுவிட்டு, ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார்கள்.

எந்த பார்ட் வாங்குவது என்பது இரண்டாவது கேள்விதான். பழைய பார்ட் ஏன் போனது என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு பதில் தெரியாமல் வாங்கினால், விலை உயர்ந்த ஒரிஜினல் பார்ட்டும் சீக்கிரமே படுத்துவிடும்.

கேஸ் ‘தீராது’, லீக்தான் ஆகும்

கார் ஏ.சி என்பது மூடிய வட்டம். இன்ஜின் பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரஸர், கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. டிரையர் அதிலிருக்கும் ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு, அந்தத் திரவத்தைச் சின்னத் துவாரம் வழியாகப் பீய்ச்சுகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது, சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரஸருக்கே போகிறது.

பெட்ரோல் மாதிரி இந்த கேஸ் செலவாவதே இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பழைய காரில் ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகப் பல வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது சகஜம். ஆனால், ஒரே சீஸனில் இரண்டு முறை கேஸ் போடவேண்டியிருந்தால், ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பது வீண் செலவு. கேஸோடு கம்ப்ரஸருக்கான ஆயிலும் சேர்ந்தே கசியும். கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால், ஆயில் வற்றிப்போய் ஒரு நாள் கம்ப்ரஸர் ‘ஜாம்’ ஆகிவிடும். சில பத்து ரூபாய் ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஐந்திலக்க பில்லாக மாறுவது இப்படித்தான்.

லீக் இருக்கும் இடம் பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆயில் கசிந்து, அதில் தூசி ஒட்டி, கருப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். பைப் ஜாயின்ட்டுகள், கண்டென்சரின் ஓரங்கள், கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட், சோப்பு நுரை, யு.வி டை மூலம் கண்டுபிடிக்கலாம். கூலிங் காயில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். அதற்கு எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டரை, ஏ.சி தண்ணீர் சொட்டும் டிரெயின் பைப் பக்கம் காட்டிப் பார்ப்பார்கள்.

இந்த அறிகுறி, இந்த பார்ட்

ஒர்க்‌ஷாப் போவதற்கு முன் நீங்களே கவனிக்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

* ஓடும்போது கூலிங், சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பு: முதலில் கண்டென்சர் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், அல்லது கண்டென்சரில் அடைந்திருக்கும் மண் காரணமாக இருக்கலாம். பல நேரம் தண்ணீர் அடித்துக் கழுவுவதிலேயே சரியாகிவிடும்.

* ஆரம்பத்தில் கூலிங், அரை மணி நேரத்தில் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்: சிஸ்டத்துக்குள் ஈரம் புகுந்திருந்தால், எக்ஸ்பான்ஷன் வால்வில் அது ஐஸாகி அடைத்துக்கொள்ளும். இன்னொரு காரணம், கம்ப்ரஸரின் மேக்னெட்டிக் கிளட்ச். கிளட்ச் தேய்ந்து இடைவெளி அதிகமானால், சூடானதும் காந்தத்தால் இழுக்க முடியாமல் விட்டுவிடும். பல மாடல்களில் உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வாஷரில் ஒன்றைக் கழற்றினாலே இந்த இடைவெளி சரியாகும். இதற்கு புது கம்ப்ரஸர் தேவையே இல்லை.

* ஏ.சி ஆஃப் செய்தாலும் ‘கொர்’ரென்று சத்தம்: பெரும்பாலும் கிளட்ச் பேரிங் அல்லது பெல்ட் ஓடும் ஐட்லர் புல்லி. பேரிங்கை மட்டும் தனியாக மாற்றலாம். கேஸை வெளியேற்ற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது.

* ஏ.சி ஆன் செய்யும்போது மட்டும் உள்ளேயிருந்து கடகட சத்தம்: இது கம்ப்ரஸரின் உட்பாகங்கள் தேய்ந்ததன் அடையாளம். உடனே ஏ.சி-யை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் உலோகத் துகள்கள் சிஸ்டம் முழுக்கப் பரவிவிடும்.

* கூலிங் இருக்கிறது, காற்றுதான் வரவில்லை: கேபின் ஃபில்டர், புளோயர் மோட்டார், கூலிங் காயில் மேல் படிந்த அழுக்கு. புளோயர் அதிகபட்ச வேகத்தில் மட்டும் வேலை செய்தால், போனது ரெசிஸ்டர் என்ற சின்ன பார்ட்.

கேஜ் மாட்டாமல் கம்ப்ரஸர் மாற்றாதீர்கள்

‘கம்ப்ரஸர் போச்சு’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: ‘கேஜ்ல ரீடிங் என்ன காட்டுது?’ லோ சைடு, ஹை சைடு என்று இரண்டு பிரஷர்களையும் பார்க்காமல் இந்த முடிவுக்கு வரக் கூடாது.

ஏ.சி ஓடும்போது இரண்டு பக்கமும் பிரஷர் குறைவாக இருந்தால், கேஸ் பற்றவில்லை. இரண்டு பக்கமும் அதிகமாக இருந்தால், கேஸ் கூடுதலாக இருக்கிறது, அல்லது கண்டென்சரால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. லோ சைடு வேக்யூம் வரை இறங்கினால், எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. லோ சைடு ஏறி, ஹை சைடு இறங்கி, இரண்டும் நெருங்கி வந்தால்தான் கம்ப்ரஸரால் அழுத்த முடியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும், வேரியபிள் வகை கம்ப்ரஸராக இருந்தால், அதிலிருக்கும் கன்ட்ரோல் வால்வு மட்டும் பழுதாகியிருக்கலாம். சில மாடல்களுக்கு இந்த வால்வு தனியாகவே கிடைக்கிறது.

இன்ஜினை நிறுத்திவிட்டு கேஜில் பிரஷர் பார்த்து, ‘கேஸ் ஃபுல்லா இருக்கு’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். இப்போது பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பி.எஸ்.ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலும் அதே ரீடிங்தான்; முழுசாக இருந்தாலும் அதே ரீடிங்தான். சமையல் கேஸ் சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறதே, அந்த மாதிரி. எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டால்தான் தெரியும்.

எங்கே செலவு செய்யலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பார்ட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த பார்ட் இன்னொரு முறை போனால், அதைக் கழற்ற எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி என்று கணக்குப் போடுங்கள்.

கூலிங் காயில்: பல கார்களில் இதை எடுக்க டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும். கூலி அதிகம். கழற்றி மாட்டும்போது பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையவும் வாய்ப்பு உண்டு. எனவே, இங்கே விலை குறைந்த பார்ட் வேண்டவே வேண்டாம். கையோடு எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுங்கள். வால்வின் விலை குறைவு. இன்னொரு முறை டேஷ்போர்டு கழற்றும் கூலி அதிகம். பழைய காயிலுக்குப் பற்றவைப்பு போடுவதும் பெரும்பாலும் நிற்பதில்லை. அரித்துப்போன அலுமினியத்தில் ஒரு ஓட்டையை அடைத்தால், பக்கத்திலேயே அடுத்தது வரும்.

கண்டென்சர்: வெளியே இருப்பதால் கழற்றுவது ஓரளவு சுலபம். நல்ல தரமான ஆஃப்டர்மார்க்கெட் கண்டென்சர் போடலாம். ஆனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெல்லியதாகவோ, ஃபின்கள் குறைவாகவோ இருந்தால், சிக்னலில் நிற்கும்போது கூலிங் குறையும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஃபின்களை அரித்துவிடும். கையால் தடவினால் பொடிப்பொடியாக உதிர்ந்தால், லீக் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டிரையர்: சிஸ்டத்தைத் திறக்கும்போதெல்லாம் மாற்றிவிடுவது நல்லது. கம்ப்ரஸர் மாற்றினாலோ, கேஸ் முழுதும் கசிந்து பல நாள் காலியாக இருந்தாலோ கட்டாயம் மாற்ற வேண்டும். இதன் மூடியைக் கடைசி நிமிஷத்தில்தான் திறக்கணும். திறந்தே கிடந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். சீல் இல்லாமல் கடையில் தூசு படிந்து கிடக்கும் டிரையரை வாங்காதீர்கள். கொஞ்சம் பிந்தைய மாடல்களில் இது கண்டென்சரின் பக்கவாட்டிலேயே சேர்ந்து வரும்.

ஓ-ரிங்: கழற்றிய ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் புதுசு போடுங்கள். சாதாரண ரப்பர் ரிங் வேண்டாம். ஏ.சி கேஸுக்கென்றே வரும் எச்.என்.பி.ஆர் ரப்பர் ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபேன் மோட்டார், ரெசிஸ்டர், ரிலே: நல்ல பிராண்டு ஆஃப்டர்மார்க்கெட் போதும். நிலைமை நன்றாக இருந்தால், பழைய காரிலிருந்து எடுத்த பார்ட்கூட ஓகே. வாங்கும் முன் பேட்டரி கொடுத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கம்ப்ரஸர்: புதுசா, ரீகண்டிஷனா, பழசா?

கார் கம்பெனிகள் ஏ.சி கம்ப்ரஸரைப் பொதுவாகத் தாங்களே தயாரிப்பதில்லை. சுப்ரோஸ், டென்ஸோ, சாண்டன், ஹனான், வேலியோ மாதிரியான நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. கார் கம்பெனி டப்பாவில் வரும் கம்ப்ரஸரும், தயாரிப்பாளரின் சொந்த டப்பாவில் வருவதும் பல நேரம் ஒரே தரம்தான், விலையில்தான் வித்தியாசம். உங்கள் காரில் இருக்கும் கம்ப்ரஸரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல் நம்பர், ஆயில் வகை எல்லாம் அதில் இருக்கும். காரை இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்றால், இதுதான் சரியான தேர்வு.

ரீகண்டிஷன் என்றால், என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். சீல், பேரிங் மாற்றிப் பெயின்ட் அடித்ததும் ரீகண்டிஷன்தான். உள்ளே பிஸ்டன், வால்வு பிளேட் வரை பார்த்துச் சரிசெய்ததும் ரீகண்டிஷன்தான். ஷாஃப்ட் சீலில் மட்டும் லீக் என்றால், உங்கள் கம்ப்ரஸரையே கொடுத்து சீல் மாற்றி வாங்குவது நல்ல யோசனை. உள்ளே தேய்மானம் என்றால், ரீகண்டிஷனை எழுதிக்கொடுத்த வாரன்ட்டியோடு மட்டும் வாங்குங்கள்.

புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் கிடைக்கும் பழைய கம்ப்ரஸர், கடைசி வழி. உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கு வேறு வழி இருக்காது. அப்படி வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். பைப் வரும் இரண்டு துவாரங்களும் மூடப்பட்டிருந்தனவா? கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றினால், சிக்காமல், சொரசொரப்பு இல்லாமல் சீராகச் சுற்றுகிறதா? கவிழ்த்தால் வரும் ஆயில் தெளிவாக இருக்கிறதா? ஆயில் கருப்பாகவோ, வெள்ளிப் பொடி கலந்து மினுமினுப்பாகவோ இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது

பழைய கார்களில் அதிகம் நடக்கும் நஷ்டம் இதுதான். உள்ளே உடைந்து போன கம்ப்ரஸர், உலோகத் துகள்களைக் கண்டென்சர், டிரையர் வரை தள்ளியிருக்கும். புது கம்ப்ரஸரை மாட்டி ஓட்டினால், அந்தத் துகள்கள் ஆயிலோடு சேர்ந்து திரும்பி வந்து, புதியதையும் அரித்துவிடும். ‘புதுசு போட்டு ஆறு மாசம்கூட ஆகலை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் காரணம் இருக்கும். கம்ப்ரஸர் விற்பவர்களில் பலர், ஃப்ளஷிங் செய்து டிரையரையும் மாற்றியதற்கான ஆதாரம் இல்லாவிட்டால் வாரன்ட்டி கொடுக்காததற்குக் காரணமும் இதுதான்.

எனவே, துகள் கலந்திருந்தால் பைப்புகளையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும். டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு இரண்டையும் மாற்ற வேண்டும். ஊசி மாதிரி நுண்ணிய குழாய்கள் கொண்ட பேரலல் ஃப்ளோ கண்டென்சராக இருந்தால், அதைக் கழுவிச் சுத்தம் செய்வது நடக்காத காரியம், மாற்றிவிடுவதே லாபம். பழைய கம்ப்ரஸரைக் கழற்றியதும் அதன் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். துகள் இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே பார்க்கலாம். இல்லையென்றால், இந்தச் செலவில் பாதி மிச்சம்.

ஆயிலும் கேஸும் மாறினால் ஆபத்து

ஆர்-134ஏ சிஸ்டங்களில் பெரும்பாலும் பி.ஏ.ஜி ஆயில்தான். அதிலும் 46, 100, 150 என்று அடர்த்தி வகைகள் இருக்கின்றன. ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லேபிளில் இருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். புது கம்ப்ரஸர்கள் பல, முழு சிஸ்டத்துக்கும் தேவையான ஆயிலோடு வரும். மற்ற பாகங்களில் ஏற்கெனவே ஆயில் இருந்தால், அந்த அளவுக்கு இதில் குறைக்க வேண்டும். ஆயில் குறைந்தால் கம்ப்ரஸர் போகும். கூடினால் கூலிங் போகும். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். எனவே, திறந்து பல நாள் வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள்.

கேஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கலப்பட கேஸ் உலகம் முழுக்க ஒரு பிரச்னை. 2011-ல், வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிரூட்டப்பட்ட கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்ப்பலி ஏற்பட்டது. ஆர்-134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்ட கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததே காரணம். அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்று பட்டதும் தீப்பற்றும் பொருள் உருவாகும். கார் ஏ.சி-யின் பெரும்பாலான பாகங்கள் அலுமினியம்தான். விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத கேனிலிருந்தோ, எல்.பி.ஜி மாதிரி எரியும் கேஸையோ நிரப்ப அனுமதிக்காதீர்கள்.

எவ்வளவு கேஸ் என்பது பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். சின்ன கார்களில் அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே, நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம். எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். அதற்கு முன் அரை மணி நேரமாவது வேக்யூம் போட்டு, பம்ப்பை நிறுத்திய பிறகும் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லீக்கை அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களையும் தவிர்ப்பது நல்லது. அவை எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்தே அடைத்துவிடக்கூடும்.

இன்னும் பழைய காராக இருந்தால்..?

பிரீமியர் பத்மினி, கான்டெஸா, ஆரம்பகால மாருதி 800 என்று ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா கேள்வி இருக்கிறது. அந்தக் காலத்து ஏ.சி-க்கள் ஆர்-12 கேஸில் ஓடியவை. ஓஸோன் படலத்தைப் பாதிக்கும் என்பதால், 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அந்த கேஸ் உலகம் முழுக்க நிறுத்தப்பட்டது. இந்த ஏ.சி-யில் அப்படியே ஆர்-134ஏ நிரப்பினால் சரிவராது. பழைய மினரல் ஆயில் இந்த கேஸோடு கலக்காது. கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் எங்காவது தேங்கிவிடும். ஆயில், டிரையர், ஓ-ரிங் எல்லாவற்றையும் மாற்றி, ஹோஸையும் புது கேஸுக்கு ஏற்ற பேரியர் வகைக்கு மாற்ற வேண்டும். கண்டென்சரைப் பேரலல் ஃப்ளோ வகைக்கு மாற்றினால், நம்ம ஊர் வெயிலைத் தாங்கும்.

கடைக்குப் போகும்போது...

ஜி.பி. ரோடு கடையாக இருந்தாலும், ஆன்லைனாக இருந்தாலும், ‘2009 மாடல் டீசல்’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே வருஷத்தில் ஒரே மாடலுக்கு இரண்டு வகை கம்ப்ரஸர் வந்திருக்கலாம். ஆர்.சி-யில் இருக்கும் 17 இலக்க சேஸி நம்பரைக் கொடுத்து, பார்ட் நம்பரை உறுதிசெய்யுங்கள். பழைய பார்ட்டைக் கையில் எடுத்துப்போய், புல்லியில் பெல்ட் ஓடும் கோடுகளின் எண்ணிக்கை, பைப் வரும் இடம், போல்ட் துவாரம், கனெக்டரின் பின்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பில், வாரன்ட்டி நிபந்தனை இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். எலெக்ட்ரிக்கல் பார்ட் என்றால், ரிட்டர்ன் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்று முடிவெடுக்க, கார் எத்தனை வருஷம் ஓடப்போகிறது என்று பாருங்கள். சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷத்தில் ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். அதற்குள் விற்றுவிடும் திட்டம் இருந்தால், லீக்கை அடைத்து, டிரையர் மாற்றி, எடை போட்டு கேஸ் நிரப்பினால் போதும். புதுப்பித்து ஓட்டப்போகிறீர்கள் என்றால், கழற்ற கஷ்டமான பாகங்களுக்கு நல்ல பார்ட் போடுங்கள். எப்படியிருந்தாலும், வெயில் உச்சத்துக்கு வரும் முன், மாசி மாசத்திலேயே வேலையை முடித்துவிடுங்கள். சீஸன் கூட்டத்தில் வேக்யூம் போடும் அரை மணி நேரம்தான் முதலில் காணாமல்போகும்!